எண்ணை பைனரி ஸ்ட்ரிங்காக மாற்ற: பயனுள்ள குறிப்புகள்

1. எண்ணை 2-ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கடைசியிலிருந்து படித்தால் பைனரி வந்துவிடும். 13-க்கு மீதிகள் 1, 0, 1, 1. திருப்பிப் படித்தால் 1101.

2. "எண் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை" என்று லூப் போட்டால் 0 வரும்போது லூப் ஓடவே ஓடாது. வெற்று ஸ்ட்ரிங்தான் மிஞ்சும். 0-ஐத் தனியாகக் கவனியுங்கள்.

3. எத்தனை இலக்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 0 முதல் 255 வரை 8 இலக்கம் போதும். 5-ஐ வெறும் 101 என்று எழுதாமல் 00000101 என்றே எழுதுங்கள். சாதனங்களின் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு வேலை உண்டு. முன்னால் நிற்கும் பூஜ்யம் "இது அணைந்திருக்கிறது" என்று சொல்கிறது. அதை வெட்டுவது தகவலை வெட்டுவதுதான். இன்னொரு லாபமும் உண்டு: நிரப்பிய ஸ்ட்ரிங்குகளை எழுத்து வரிசையில் அடுக்கினாலே எண் வரிசை வந்துவிடும். நிரப்பாவிட்டால் 101 (அதாவது 5), 11-க்கு (அதாவது 3) முன்னால் போய் நிற்கும்.

4. அகலம் முடிவானபின் வகுத்தலைவிட ஷிஃப்ட் முறையே மேல். 7-வது பிட்டிலிருந்து 0-வது பிட் வரை, எண்ணை அத்தனை இடம் வலப்புறம் தள்ளி, 1-உடன் ஆண்ட் செய்யுங்கள். கிடைப்பதை அப்படியே எழுதிக்கொண்டு போகலாம். திருப்பவும் வேண்டாம், 0-க்குத் தனி வழியும் வேண்டாம். ஆனால் சி மொழியில் இந்த லூப்பின் எண்ணியை அன்சைன்டாக வைக்காதீர்கள். 0-க்குக் கீழே இறங்காமல் மிகப் பெரிய எண்ணுக்குத் தாவிவிடும்; "பூஜ்யம் அல்லது அதற்கு மேல்" என்ற நிபந்தனை என்றைக்கும் பொய்யாகாது.

5. சி-யில் 8 இலக்கத்துக்கு 9 இடம் ஒதுக்குங்கள். கடைசி இடம் நல் எழுத்துக்கு. ஃபங்ஷனுக்குள் உருவாக்கிய சாதாரண அரேயைத் திருப்பி அனுப்பக் கூடாது. அழைப்பவரே பஃபரைக் கொடுக்கட்டும்.

6. பைத்தானின் 'பின்' ஃபங்ஷன் முன்னால் பூஜ்யமும் 'பி'-யும் ஒட்டிவிடும். 'ஃபார்மட்' ஒட்டாது, அகலத்தையும் கேட்டுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 'டூஸ்ட்ரிங்' 2, பிறகு 'பேட்ஸ்டார்ட்'. சி++-இல் 'பிட்செட்' இருக்கிறது. சி-யின் 'பிரிண்ட்எஃப்'-க்கு பைனரி குறியீடு சி23 தரத்தில்தான் வந்தது.

7. ஜாவாவின் பைட் குறியுள்ளது. அதில் 200-ஐ வைத்தால் -56 ஆகிவிடும். பைனரியாக்கினால் முன்னால் 24 ஒன்றுகள் சேர்ந்து 32 இலக்கம் வரும். முதலில் 255-உடன் ஆண்ட் செய்துவிடுங்கள்.

8. 0, 1, 128, 170, 255 ஆகியவற்றைக் கட்டாயம் சோதியுங்கள். 170-க்கு 10101010 வர வேண்டும். திருப்பும் பிழை அங்கேயே தெரிந்துவிடும். மொத்தமே 256 மதிப்புகள்தான். எல்லாவற்றையும் மாற்றி, மறுபடி எண்ணாக்கி ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.