களரியில் முன்பக்கம் எது?

அன்புள்ள தம்பி,

வடமோடிக் கூத்தில் உனக்குக் கர்ணனின் பாட்டும் வசனமும் அடங்கிய சட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். தாளக்கட்டைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் உன் காலில் ஏற்றிவிடுவார். நான் எழுதுவது நீ ஆடப்போகும் இடத்தைப் பற்றி.

நம் வட்டக்களரிக்கு முன்பக்கம் கிடையாது. நடுவில் மத்தளமும் சல்லரியும், சுற்றிவர ஆட்டம், அதையும் சுற்றிச் சனம். கிழக்கே இருப்பவர் உன் முகத்தைக் காணும்போது மேற்கே இருப்பவர் முதுகைக் காண்கிறார். ஆனாலும் சில விஷயங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். நீ வலஞ்சுழியாக ஆடினால், எந்தத் திசையில் இருப்பவருக்கும் தன்னருகே வரும்போது வலமிருந்து இடமாகவே கடப்பாய். உனக்கும் அருச்சுனனுக்கும் இடையிலுள்ள தூரமும் அப்படியே. அது குறைவதையும் கூடுவதையும் நாலு பக்கமும் பார்க்கிறது. ஆகவே போர்க்கட்டத்தின் உயிரை முகபாவத்தில் மட்டும் வைக்காதே. அந்த இடைவெளியில் வை. வட்டத்தை முக்காலில் நிறுத்தினால் ஒரு பக்கத்துச் சனம் உன்னை இழந்துவிடும்.

மேடை வேறு. 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். விடியவிடிய ஆடுவது சுருங்கியது என்றே பலரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சனம் முழுவதும் ஒரே பக்கத்துக்கு வந்ததுதான். நேர் எதிரே இருப்பவருக்கு வட்டம் தட்டையாகி, ஏறக்குறைய ஒரு கோடாகிவிடும். நீ ஒரே சீரான வேகத்தில் சுற்றினாலும், இரு ஓரங்களிலும் தயங்குவதுபோலவும் நடுவில் விரைவதுபோலவும் தெரியும். முன்வளைவின் நடுவில் பாட்டின் முக்கியமான சொல் வந்தால், அங்கே அடியைக் குறுக்கி ஆடு. இல்லாவிட்டால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

ஒத்திகைக்கு முன் வாவிக்கரை மணலில் ஒரு தடியால் உன் வழியைக் கீறு. மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள். எட்டு வடிவில் ஆடும்போது இரு வளையங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளி எங்கே வருகிறது? அந்த நேரம் அருச்சுனன் எங்கே நிற்பான்? மத்தளம் இல்லாமல், பாட்டை மனதுக்குள் வைத்து, அந்தக் கீற்றின்மேல் நடந்து பார். பிறகு அதே வழியை எதிர்த்திசையிலும் நட.

அருச்சுனனாக ஆடுகிறவனையும் கூட்டிக்கொண்டு போ. நீ மட்டும் கணக்கு வைத்திருந்தால் அந்த இடைவெளி நிற்காது. அண்ணாவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்