கொண்டல் அடித்தால் நடுங்கும் சிப்பிப்பாறை

மார்கழி பிறந்ததும் சென்னையிலும் கோவையிலும் செல்லப்பிராணிக் கடை வாசலில் நாய்ச் சட்டைகள் தொங்க ஆரம்பித்துவிடும். கம்பளிச் சட்டை, அதில் பட்டன், தலைக்குக் குல்லா என்று வகைவகையாக விற்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. தேரிமணல் கொதிக்கிற பூமி இது. மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே நாய்க்கு என்ன குளிர் வந்துவிடப் போகிறது?

வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து, கடல் பக்கமிருந்து கொண்டல் அடிக்கும் ராத்திரிகளில் தொழுவத்து மூலையில் சுருண்டு கிடக்கும் சிப்பிப்பாறை நாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வெப்பமானி 23 டிகிரி காட்டும். நாயின் தொடையோ வெடவெடவென்று நடுங்கும்.

காரணம் நாயின் உடம்பிலேயே இருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் தென்மாவட்டக் கரிசல் காடுகளில் முயல் விரட்டி வளர்ந்த இனங்கள். ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், ஒற்றை அடுக்காகப் படிந்த குட்டை ரோமம், தோலுக்கடியில் பேருக்குத்தான் கொழுப்பு. வெயிலில் ஓட இதைவிடத் தோதான உடம்பு கிடையாது. ஆனால் நாயின் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. அதைத் தக்கவைப்பது ரோமத்துக்கிடையில் சிக்கியிருக்கும் காற்றுதான். ரோமம் நனைந்ததும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது. காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் தண்ணீர். அதன்மேல் கொண்டலும் வீசினால், ஈரம் ஆவியாகும்போது மிச்சச் சூட்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஊட்டியில் உறைபனி நாயைப் படுத்துகிறதென்றால் சாத்தான்குளத்தில் அந்த வேலையை ஈரம் செய்கிறது.

எந்த நாய்க்கும் ஓர் எல்லை உண்டு. பனிக்கென்றே இரண்டடுக்கு ரோமத்தோடு பிறக்கும் கிரீன்லாந்து நாய்களை நம்பி, 1911 செப்டம்பரில் நார்வேக்காரர் அமுண்ட்சென் தென்துருவத்துக்கு அவசரப்பட்டுக் கிளம்பினார். குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனது. நாய்களின் பாதங்கள் உறையத் தொடங்கின. பாதி வழியில் முகாமுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அக்டோபரில் மறுபடி புறப்பட்டு டிசம்பர் 14 அன்றுதான் துருவத்தை எட்டினார். அந்த நாய்களுக்கு மைனஸ் 50 எல்லை என்றால், நம்மூர்க் கன்னிக்கு ஒரு ராத்திரி அடைமழை.

அப்படியொரு ராத்திரியை இந்த மாவட்டம் மறந்திருக்காது. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, சாத்தான்குளத்தில் 47 செ.மீ. இந்த வறண்ட பகுதி ஓர் ஆண்டில் காணும் சராசரி மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். தோட்டத்தில் காவலுக்கு நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுகிறவர்கள் அந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது அவிழ்த்துவிட்ட நாய் மேட்டைத் தேடிப் போய்விடும். கட்டிய நாய் நின்ற இடத்திலேயே நனையும், அதற்கு மேலும் நடக்கும். மழை எச்சரிக்கை வந்த அன்று மாட்டையும் ஆட்டையும் மேட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் நாயின் சங்கிலியையும் கையோடு கழற்றிவிட வேண்டும்.

சாதாரண மழைக்காலத்துக்கு முதல் வேலை படுக்கை. பெரும்பாலான வீடுகளில் சிமென்ட் தரையில் ஒரு சாக்கை விரித்துப் போட்டதோடு கடமை முடிந்துவிடுகிறது. சாக்கு, தரையின் ஈரத்தையும் நாயின் ஈரத்தையும் சேர்த்துக் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். இதற்கு இந்தப் பனங்காட்டு ஊரிலேயே நல்ல மாற்று இருக்கிறது: பழைய நார்க்கட்டில். பனைநார் தளர்ந்து, மனிதர் படுக்கத் தோதுப்படாமல் பரணுக்குப் போன கட்டிலின் கால்களை முழங்கால் உயரத்துக்கும் குறைவாக அறுத்துவிட்டால் போதும். தரையின் குளிர்ச்சி ஏறாது, அடியில் காற்று ஓடுவதால் ஈரமும் தங்காது. மேலே ஒரு ஓலைப்பாய், அதன்மேல் துவைத்துக் காயவைத்த பழைய போர்வை. போர்வையைத் தினமும் மாற்ற வேண்டும் என்பதால் இரண்டு மூன்றாவது கைவசம் இருப்பது நல்லது. தோட்டத்து நாய்க்குக் கட்டில் கட்டுப்படியாகாது என்பவர்கள் இரண்டு வரிசைச் செங்கல்லின் மேல் பலகையைப் போட்டு, அதில் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பலாம். வைக்கோல் நனைந்தால் மட்டும் யோசிக்காமல் அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும்; பூஞ்சை பிடிக்க ஒரு நாள் போதும்.

கூண்டு வைத்திருப்பவர்கள் அதன் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். இந்தப் பருவத்தில் மழையும் காற்றும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்தான் வரும். ஆகவே வாசல் மேற்கோ தெற்கோ பார்க்கட்டும். வெறும் தகரக் கூரை ராத்திரியில் குளிர்ந்து உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். அதன்மேல் ஓலை வேய்ந்தால் அந்தத் தொந்தரவு குறையும், பங்குனி வெயிலுக்கும் உதவும். கூண்டும் பெரிதாக வேண்டாம். நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் அதன் உடல்சூடே உள்ளே நிற்கும்.

அடுத்தது துவட்டுவது. இதில்தான் பலர் முதுகோடு நிறுத்திவிடுகிறார்கள். ஈரம் தங்குமிடம் வயிறு, அக்குள், காது, விரலிடுக்கு. பழைய வேட்டித் துணியால் முதலில் ஒற்றி, பிறகு ரோமம் போகும் போக்கில் துடைக்க வேண்டும். பாதத்தை மட்டும் விரல் விரலாகப் பிரித்துத் துடைக்க வேண்டும். தோக்கியோவில் நினோமியா என்ற ஆய்வாளரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சுவையான செய்தி உண்டு: நாயின் பாதத்தில் தமனிகளும் சிரைகளும் ஒட்டி ஓடுகின்றன, வெளியே போகும் சூடான ரத்தம், குளிர்ந்து திரும்பும் ரத்தத்தைச் சூடாக்கி உடம்புக்குள் அனுப்புகிறது. பனியில் வெறுங்காலோடு நாய் நிற்பது இதனால்தான். ஆக, பாதம் குளிரைத் தாங்கிக்கொள்ளும். சேற்றுப்புண்ணுக்கும் பூஞ்சைக்கும்தான் அதனிடம் மருந்தில்லை.

லாப்ரடார், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்களின் பாடு வேறு. அடர்ந்த ரோமம் இருப்பதால் அவை அவ்வளவாக நடுங்காது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளடுக்கு ஈரமாகவே கிடக்கும். இரண்டு நாளில் தோலில் சிவந்த, நீர் கசியும் புண் கிளம்பும். லாப்ரடாரின் தொங்கும் காதில் நாற்றம் வந்தால் அதுவும் ஈரத்தின் வேலை. மழைக்காலத்தில் அடிக்கடி குளிப்பாட்டாமல் இருப்பதே இவற்றுக்குச் செய்யும் உபகாரம். குளிப்பாட்டியே ஆகவேண்டுமென்றால் வெயில் எட்டிப்பார்க்கும் முற்பகலில், வெதுவெதுப்பான தண்ணீரில்.

சட்டை விஷயத்துக்கு வருவோம். டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தபோது ஓர் இளைஞர், “அண்ணாச்சி, ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுவிட்டா என்ன?” என்றார். பல வருஷமாகக் கன்னி நாய் வளர்ப்பவர் சிரித்தார்: “நம்மூரு மழைக்கு அது நனைஞ்ச கோணியப் போர்த்தின மாதிரிதான் தம்பி.” அவர் சொன்னது சரி. வீட்டுக்குள்ளேயே இருக்கும் வயசான நாய்க்கு, உலர்ந்த பருத்திச் சட்டை ராத்திரிக்கு ஆகலாம். வெளியே போய்வரும் நாய்க்கு வேண்டாம்.

குட்டி போட்ட வீட்டில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் குட்டிகளுக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன்கூடக் கிடையாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவையும்தான் அவற்றுக்கு அடுப்பு. அந்த வாரம் படுக்கையருகே 29 முதல் 32 டிகிரி வரை சூடு வேண்டும். ஒரு பெரிய ஓலைப்பெட்டியின் ஒரு பக்கம், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் வைத்தால் போதும். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு கூடினால் குட்டி நகர்ந்துகொள்ளும். சில்லிட்டுத் துவண்ட குட்டியைக் கண்டால் பதறிப்போய்ப் பாலைப் புகட்டுவது வழக்கம். அது குட்டியைக் கொல்லும். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, பால் செரிக்காமல் நிற்கும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். முதலில் நெஞ்சோடு அணைத்து மெல்லச் சூடேற்றி, குட்டி அசைந்து வாய் தேட ஆரம்பித்த பிறகே பால். கதகதப்புக்காகக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது நாய்க்கும் ஆகாது, கூடப் படுக்கும் மனிதருக்கும் ஆகாது.

கைவைத்தியத்திலும் ஜாக்கிரதை வேண்டும். சளி என்று குழந்தைக்குத் தடவுவது போலக் கற்பூரத் தைலம் தடவுகிறார்கள். நாய் அதை நக்கும், கற்பூரம் நாய்க்கு நஞ்சு. சூடாக இருக்கட்டுமென்று கருப்பட்டிக் காபி ஊற்றுவதும் தப்பு, காபித்தூளில் இருக்கும் காஃபின் நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும். வெங்காயம் வதக்கிய குழம்பு ரத்த அணுக்களைச் சிதைக்கும். நாய்க்கு ஜுரமென்று பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. வெறும் சோறும் வேகவைத்த மீனும், முள்ளெடுத்து, வெதுவெதுப்பாக, மழை நாள்களில் ஒரு கைப்பிடி கூடுதலாக வைத்தால் மெலிந்த நாய்க்கு அதைவிட வேறு போர்வை வேண்டாம்.

மழைநீர் தேங்கிய இடத்தில் எலிச் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் பரவும். அது மனிதருக்கும் தொற்றும். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துத்தான் இருக்கிறதா என்று மாட்டாஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ள வேண்டும், எல்லாக் கூட்டு ஊசியிலும் அது இருப்பதில்லை. உண்ணி குளிருக்குச் சாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நம்மூர்க் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நடுங்கிக்கொண்டிருந்த நாய், உடம்பு சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்தி, ஈறு வெளுத்து, கூப்பிட்டால் தலை தூக்காமல் கிடந்தால் நிலைமை முற்றிவிட்டது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கும்போது 37 டிகிரிக்குக் கீழே இருந்தால் உலர்ந்த போர்வையில் சுற்றி, வண்டி பிடித்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உள்ளூரில் முடியாததற்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும் அவசரத்திலும் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். மழை ராத்திரியில் தெருக்குட்டிகள் ஒதுங்குவது அங்கேதான்.