யானைக்குக் காது எதற்கு?

முறம் போலக் காது இருப்பதால்தான் யானைக்கு வெகுதூரத்துச் சத்தமும் கேட்கிறது என்று சொல்லாதவர் குறைவு. அந்த முறத்துக்கு முக்கியமான வேலை வேறு: உடம்புச் சூட்டைத் தணிப்பது. மெல்லிய தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. காதை ஆட்ட ஆட்ட உள்ளே ஓடும் இரத்தம் குளிர்கிறது. உற்றுக் கேட்கும்போது யானை காதை விரித்து நிற்பதும் உண்மைதான், செவிமடலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாழ்ந்த ஒலிகளை அது பிடிப்பதற்கு உதவுபவை வெளியே தெரியாத நடுச்செவி எலும்புகள். நமக்கு இருக்கும் அதே சுத்தி, பட்டடை, அங்கவடி மூன்றும்தான். அளவில் பெரியவை, எடையிலோ பல மடங்கு.

1980வாக்கில் அமெரிக்காவில் ஓர் ஆசிய யானையைப் பழக்கி அதன் செவித்திறனைச் சோதித்தார்கள். 17 ஹெர்ட்ஸ் வரை இறங்கிக் கேட்டது. மேலே ஏறினால் சுமார் 10,500 ஹெர்ட்ஸோடு சரி. இளவயது மனிதருக்கு 20,000 வரை கேட்கும். அதாவது அவ்வளவு பெரிய காதுக்கு எட்டாத கீச்சொலி நம் சின்னக் காதுக்கு எட்டிவிடுகிறது.

யானையின் குரலைத் துதிக்கையோடு மட்டும் சேர்த்துப் பேசுவதும் பாதி உண்மையே. பிளிறல் துதிக்கை வழியாக வருகிறது. ஆனால் கூட்டத்துக்குள் யானைகளின் அன்றாடப் பேச்சு அடித்தொண்டை உறுமல்; அதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத குற்றொலி. 1984இல் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளுக்கு அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், காதில் ஒன்றும் விழாமலே காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். அங்கிருந்துதான் யானையின் குற்றொலி ஆய்வு தொடங்கியது.

பூனையின் ‘குர்ர்’ பற்றிச் சொல்லப்பட்டதுபோல் தசைகளைத் திரும்பத் திரும்பச் சுருக்கி யானை இதை எழுப்புகிறதா, நாம் பாடுவதுபோல் மூச்சுக் காற்றால் எழுப்புகிறதா என்று வெகுநாள் சந்தேகம் இருந்தது. பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையில் இயற்கையாக இறந்த ஓர் ஆப்பிரிக்க யானையின் குரல்வளையை எடுத்து, கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்டும் கூட்டாளிகளும் வியன்னாவில் அதற்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள குரல்நாண்கள் தாமாக அதிர்ந்து குற்றொலியை எழுப்பின. கட்டளையிட மூளையே இல்லாத இடத்தில் தசைச் சுருக்கம் ஏது? 2012இல் முடிவு வெளியானது. நீளம்தான் வேறு, வேலை நம் தொண்டையில் நடப்பதே.

யானை மட்டுமல்ல, வேறு விலங்குகளைப் பற்றியும் இப்படித் தவறான நம்பிக்கைகள் உண்டு. வௌவாலுக்குக் கண் தெரியாது என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: தெரியும். ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் பார்வையையும் மோப்பத்தையும் கொண்டே இரை தேடுகிறது. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் குரல்வளையிலிருந்து மீயொலியை வீசி எதிரொலியில் வழி பார்க்கின்றன. தன் கத்தலே தன் காதைச் செவிடாக்காமல் இருக்க, கத்தும் நொடியில் நடுச்செவித் தசை சுருங்கி எலும்புகளை இறுக்கிக்கொள்கிறது. எதிரொலி வருமுன் தளர்ந்துவிடுகிறது.

ஒட்டகச்சிவிங்கியும் ஊமையல்ல. ஐரோப்பாவின் மூன்று விலங்குக்காட்சிச் சாலைகளில் இரவுநேரத்தில் அது முனகுவதைப் பதிவு செய்து 2015இல் வெளியிட்டார்கள். சுருதி சுமார் 92 ஹெர்ட்ஸ்.

‘குரங்கின் தொண்டை அமைப்பு பேச்சுக்கு ஒத்துவராது, நம் குரல்வளை மட்டுமே கீழே இறங்கியது’ என்பது பாடப்புத்தகங்களே பரப்பிய நம்பிக்கை. 2001இல் அதற்கு ஓர் அடி விழுந்தது. ஆண் செம்மானின் குரல்வளையும் தாழ்ந்தே இருக்கிறது, கர்ஜிக்கும்போது மார்பெலும்பு வரை இறங்குகிறது என்று டெகும்சே ஃபிட்சும் டேவிட் ரெபியும் காட்டினார்கள். மானோ பேசவில்லை. 2016இல் ஒரு மக்காக் குரங்கை எக்ஸ்ரே படமாக எடுத்துக் கணக்கிட்டபோது, பல உயிரெழுத்துகளை ஒலிக்கத் தேவையான வடிவங்கள் அதன் வாயிலும் தொண்டையிலும் அமைவது தெரிந்தது. அதனிடம் குறைவது, குரல்வளைத் தசைகளை நினைத்தபடி ஆட்டுவிக்கும் மூளை இணைப்பு.

தொண்டையில் வேறுபாடே இல்லையென்று இதற்குப் பொருளல்ல. 2022இல் ஜப்பானின் டகேஷி நிஷிமுராவின் குழு குரங்கு, வாலில்லாக் குரங்கு முதலான 43 வகைப் பிரைமேட்டுகளின் குரல்வளைகளை ஒப்பிட்டது. மனிதரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குரல்நாணின் விளிம்பில் மெல்லிய சவ்வு ஒன்று இருந்தது. உரக்கக் கத்த அது உதவும். ஆனால் சுருதி அடிக்கடி உடைந்து பிசிறும். அதை இழந்த பிறகே நம் குரல் சீராக நிற்கத் தொடங்கியது என்பது அவர்கள் கணிப்பு.