கிணற்றடித் தொட்டியிற் பாசி

கிணற்றடியிலே சீமெந்துத் தொட்டி கட்டி, அதில் அல்லியோ வேறு நீர்ச்செடியோ நட்டு, நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன்களையும் விட்டு வளர்க்கும் கமக்காரர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உளர். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கும் நாற்றுமேடைக்கும் இத்தொட்டி நீரே செல்கின்றது. இதிற் பாசி பிடித்தால் நட்ட செடிகள் ஒளியின்றி நலியும். பாசி இரவில் ஒட்சிசனை உட்கொள்வதால் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து திணறும். சொட்டுநீர்க் குழாய் பூட்டியவர்களுக்கு அதன் நுண்துளைகள் அடைபடும். தொட்டியை முற்றாக இறைத்துத் தேய்த்துக் கழுவினாலும் சில கிழமைகளில் மறுபடியும் பச்சை படர்வதைக் காண்கின்றோம். இதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும்.

பாசி வளர்வதற்கு வேண்டியவை வெயில், நைதரசன், பொசுபரசு ஆகிய மூன்றும் ஆகும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. வடகீழ்ப் பருவ மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கித் தேங்கும் நீரையே நாம் இறைக்கின்றோம். செம்மண் தோட்டத்தில் இட்ட யூரியாவும் மாட்டெருவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றன. பயிர் உட்கொள்ளாத நைத்திரேற்றை மண் பிடித்துவைப்பதில்லை. அது இறைப்பு நீரோடும் மழையோடும் கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது. ஆகவே கழுவிய தொட்டியைக் கிணற்று நீரால் நிரப்பும்போது பாசிக்குப் புதிதாகப் பசளை இடுகின்றோம் என்றே கொள்ளவேண்டும்.

பொசுபேற்றின் தன்மை வேறு. சுண்ணாம்பு அதனைப் பெரும்பாலும் மண்ணிலேயே கட்டிவைத்துவிடும். தொட்டியிற் பொசுபேற்று சேர்வது பெரும்பாலும் மேலிருந்துதான்: உதிர்ந்த இலை, பறவை எச்சம், மீனுக்கு அளவுமீறி இடும் தீனி, எருக் கை கழுவிய நீர். நைத்திரேற்றை நாம் எளிதில் நீக்க முடியாது. பொசுபேற்றை வராமற் காக்கலாம். பாசியை அடக்குவதற்கு வழி இங்கேதான் இருக்கின்றது.

முதலாவதாக, நூல்போன்ற பாசியைச் சுரசுரப்பான கம்பிற் சுற்றி இழுத்து எடுக்கவும். சுவரிற் பற்றியதைத் தும்பால் உரஞ்சி, மிதப்பதை வடித்து அள்ளவும். அள்ளியதைத் தொட்டியோரத்திற் போடாது கூட்டெருக் குழியில் இடுக. அடியிலுள்ள சேற்றையும் இலைக் குப்பையையும் அகற்றி, நீரில் மூன்றிலொரு பங்கை மட்டும் பாத்திக்கு இறைத்து விடுக. மாரியாயின் அந்த இடத்தைக் கூரையில் விழும் மழைநீரால் நிரப்புவது மிக நன்று.

அதன்பின் தொட்டியைக் கிடுகால் மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு முற்றாக மூடிவைக்கவும். வேரூன்றிய அல்லி இதனைத் தாங்கும், பாசி தாங்காது. இந்நாட்களில் மீனுக்குத் தீனி இடலாகாது. காலையும் மாலையும் வாளியால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றுக் கலக்கும். பாசியை அள்ளாமல் மூடினால், அது இறந்து அழுகி மீனையும் கொல்லும். ஆதலால் இம்முறை மாறக்கூடாது.

மூடியை எடுத்தபின் தொட்டியின் மேற்பரப்பிற் பாதிக்குமேல் நிழல் இருக்கவேண்டும். அல்லி இலை போதாவிடில் ஒரு பக்கத்தில் கிடுகு கட்டலாம். கங்குன் கீரையை மிதவையில் வளர்ப்பின், பாசி உண்ணும் நைத்திரேற்றை அது உண்ணும், கறிக்கும் ஆகும். ஆனால் ஆற்றுவாழை எனவும் வெங்காயத்தாமரை எனவும் சொல்லப்படும் செடியைக் கொண்டுவந்து விடவேண்டாம். அது இலங்கையிற் பரவாதிருக்க 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

சிலர் மயில்துத்தம் கரைத்து ஊற்றுவர். திராட்சைக்குப் போர்டோக் கலவை தயாரிப்போர், மயில்துத்தத்தின் கடுமையைத் தணிக்கவே சுண்ணாம்பு சேர்ப்பதை அறிவர். நம் கிணற்று நீரிலோ சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு. ஆகவே மருந்தின் பெரும்பகுதி செயலிழந்து அடியிற் படியும். பயன் காணாதவர் மேலும் மேலும் இடுவர். செம்பு மீனைக் கொல்லும்; பாத்தி மண்ணிலே சேர்ந்து நீங்காது நிற்கும். மீனும் செடியும் உள்ள தொட்டிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இது ஆகாது.

நீலங்கலந்த பச்சை நிறத்தில் வழுவழுப்பாகப் படர்ந்து துர்நாற்றம் வீசும் பாசியைக் கண்டால் கால்நடைகளை அந்நீர் குடிக்க விடவேண்டாம். அவ்வினத்துட் சில நஞ்சுள்ளவை. வேறு சில நெல்வயலிற் காற்றின் நைதரசனை மண்ணுக்குச் சேர்ப்பன. வயலிற் காணும் பாசியெல்லாம் பகையன்று. இளநாற்றை அமுக்கும் அளவுக்குத் திரண்டால் மட்டும் நீரை வடித்துச் சில நாள் காயவிடலாம். பொசுபேற்றுப் பசளையைத் தேங்கிய நீரின்மேல் வீசாமல், விதைப்புக்கு முன் மண்ணோடு கலந்துவிட்டால் அவ்வளவு திரளாது.

இறுதியாக, தொட்டிப் பாசியிலும் பெரிதான ஒன்று உண்டு. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 1980களிலும் அதன் பின்னரும் நடந்த ஆய்வுகளில், தோட்டங்கள் செறிந்த இடங்களின் பல கிணறுகள் இதனைக் கடந்திருந்தன. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைக்கு இந்நீர் குருதியின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலமாக்கக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். தோட்டத்துக் கிணற்று நீரையே வீட்டிலும் பயன்படுத்துவோர் அதனைப் பரிசோதிப்பித்தல் அவசியம். அத்துடன், யூரியாவை ஒரே தடவையில் இடாது பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இடவும். இட்டவுடன் பாத்தி நிரம்பி வழிய நீர் இறைக்காதிருக்கவும்.