ஓடுபாதை தெரிகிறது, வழி தெரிகிறதா?

ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட்டுவிட்டால் இனிப் பயமில்லை என்பது இரவில் விமானம் இறங்குவதைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் நம்பிக்கை. மழையும் மூடுபனியும்தான் எதிரி, பார்வை தெளிவாக இருந்தால் கவலையில்லை என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டல்லஹாசி விமான நிலையத்தில் 2002 ஜூலை 26 அன்று விடிவதற்கு முன் நடந்த விபத்து இந்த நம்பிக்கையைத் தகர்க்கிறது. ஃபெட்எக்ஸ் நிறுவனத்தின் போயிங் 727 சரக்கு விமானம் அது. ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் விமானிகள் இறங்கினார்கள். ஆனால் ஓடுபாதை தொடங்க இன்னும் 1 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே விமானம் மரங்களில் மோதி நொறுங்கியது. முறையான சரிவில் வந்திருந்தால் அந்த இடத்தில் அது 200 அடிக்கும் மேலே பறந்திருக்க வேண்டும். விமானத்தில் இருந்த மூவரும் பலத்த காயங்களோடு உயிர் தப்பினார்கள். அவர்களை ஏமாற்றியது வானிலை அல்ல, ஓடுபாதைக்கு முன்னால் விளக்கே இல்லாமல் பரந்து கிடந்த காடு.

அனுபவசாலிகள் இப்படி ஏமாற மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். 1960களில் இரவுநேர விபத்துகளை ஆராய்ந்த போயிங் நிறுவன உளவியலாளர் கான்ராட் கிராஃப்ட், தேர்ந்த பயிற்சி விமானிகளையே சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தார். கீழே இருட்டு, தொலைவில் நகர விளக்குகள், உயரம் காட்டும் கருவி இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தங்களை அறியாமலே தேவைக்கு மிகத் தாழ்வாக இறங்கினார்கள். பகலில் மரம், வீடு, சாலை என்று கண்ணுக்கு அளவுகோல் நிறைய உண்டு. இருட்டில் மிஞ்சுவது ஓடுபாதையின் வடிவம் மட்டுமே. அதன் இரு முனைகளுக்கும் இடையே கண்ணில் விழும் கோணம் மாறாமல் இறங்கினால், விமானம் நேரான சரிவில் வராமல் தரையை நோக்கித் தொய்ந்த ஒரு வளைவில் வருகிறது. விமானிக்கோ எல்லாம் சரியாகவே தோன்றும். திறமைக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மனிதக் கண் இருட்டில் அப்படித்தான் வேலை செய்கிறது.

உயரத் தடை எதுவானாலும் அதன் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும் என்பது இன்னொரு நம்பிக்கை. அமெரிக்காவில் பொதுவாக 200 அடிக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கே விளக்கு பரிந்துரைக்கப்படுகிறது. சிறிய விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே நிற்கும் 60 அடி மரத்துக்கு யாரும் விளக்கு கட்டுவதில்லை; குன்றின் சரிவுக்கும் அப்படியே. வெட்டிவிட்டால் போயிற்று என்றால், அந்த நிலம் பெரும்பாலும் வேறொருவருடையது. உரிமையாளரோடு பேசி, பணம் கொடுத்து வெட்டினாலும் சில ஆண்டுகளில் மீண்டும் தழைத்துவிடும். வரைபடத்தில் ஒருமுறை குறித்துவிட்டு மறந்துவிடக்கூடிய தடை அல்ல மரம்.

இறங்கும் சரிவைக் காட்ட ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் நான்கு பாப்பி (PAPI) விளக்குகள்தான் இருட்டின் இந்த ஏமாற்றுக்கு நல்ல மருந்து. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு, வழக்கமாக 3 பாகை. நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான தாழ்வு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இரவில் 20 மைல் தொலைவிலிருந்துகூட அது தெரியும். தடைகளுக்கு மேலே பறக்கிறோம் என்ற உறுதியையோ ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு இருபுறமும் 10 பாகைக்குள், சுமார் 3.4 கடல் மைல் வரைதான் தருகிறது. பக்கவாட்டிலிருந்து வளைந்து வருபவர் அதை நம்பி உயரம் குறைத்தால், யாரும் அளந்து பார்க்காத நிலத்தின் மேல் இறங்கிக்கொண்டிருப்பார். விளக்கு இருப்பதும் அதைப் பார்ப்பதும் வேறு வேறு என்பதையும் டல்லஹாசி காட்டியது. அங்கே பாப்பி எரிந்துகொண்டுதான் இருந்தது. விமானத்தை ஓட்டிய துணை விமானிக்கு நிறப்பார்வைக் குறை இருந்தது விசாரணையில் தெரியவந்தது. அந்தக் குறை இல்லாத மற்றவர்களும் அபாயத்தைக் கவனித்துச் சொல்லவில்லை. களைப்பும் ஒரு காரணம் என்று விசாரணை முடிவு கூறியது.

இன்றைய விமானங்களில் தரை நெருங்கினால் குரல் கொடுக்கும் கருவி இருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. அந்தக் கருவி பல உயிர்களைக் காத்திருக்கிறது, ஐயமில்லை. ஆனால் ஓடுபாதைக்கு அருகே எந்த விமானமும் தரையை நெருங்கத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் வீணாகக் கத்தாமலிருக்க, அங்கே அதன் எச்சரிக்கை எல்லை குறுக்கப்பட்டிருக்கும். 2013 ஆகஸ்ட் 14 அதிகாலை அலபாமாவின் பர்மிங்காமில் யூபிஎஸ் சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னால் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். வேகமாக இறங்குகிறாய் என்ற எச்சரிக்கை மோதுவதற்குச் சில விநாடிகள் முன்புதான் வந்தது. தரைக்கு மிகத் தாழ்வு என்ற எச்சரிக்கை மரங்களில் மோதிய பிறகே ஒலித்தது.

இவ்வளவு ஆபத்தென்றால் சிறிய நிலையங்களில் இரவுத் தரையிறக்கத்தையே தடை செய்துவிடலாமே என்று கேட்கலாம். தடை தேவைப்படும் இடங்கள் உண்டு. கொலராடோவின் ஆஸ்பென் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. இரவில் அங்கே சுற்றி வந்து இறங்கக் கூடாது என்ற அறிவிப்பு 2001 மார்ச் 29 அன்று நடப்பில் இருந்தது. அதை மீறி, இருட்டிய பின் இறங்க முயன்ற வாடகை ஜெட் விமானம் மலைச்சரிவில் மோதி 18 பேர் இறந்தார்கள். வாடகைக்கு எடுத்தவர் தந்த நெருக்கடியும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது. ஆனால் எல்லா ஊர்களுக்கும் இதையே விதியாக்கினால், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் விமானம் அந்த ஊர்களுக்கு வராது. பாப்பி விளக்கைப் பொருத்திப் பழுதின்றி வைத்திருப்பதும், வேலிக்கு வெளியே வளரும் மரங்களை ஆண்டுதோறும் அளப்பதும் ஊர்களால் ஆகக்கூடிய காரியம்தான். விமானி செய்ய வேண்டியதும் கடினமல்ல. நேர்கோட்டுக்கு வந்த பிறகே உயரம் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கடல் மைலுக்கும் ஏறக்குறைய 300 அடி என்ற கணக்கைக் கருவியில் சரிபார்க்க வேண்டும். ஓடுபாதையின் அருகிலிருக்கும் முனையின் விளக்குகள் மினுங்கினாலோ மறைந்தாலோ இடையில் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். அது என்னவென்று உற்றுப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மேலே ஏற வேண்டும்.