வரி நோட்டு தெரிந்தவள் பாட்டு

அன்புள்ள மகளே,

சென்னையில் மேடைகள் கிடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சாத்தான்குளத்துக்கே திரும்பி வந்து வில்லுப்பாட்டு பாடுவது என்று முடிவெடுத்தாய். அது சரிதானா என்று இப்போது கேட்கிறாய். ஊர் அமைதியாகத்தான் இருக்கிறது, மனம்தான் ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். முடிவு சரி. மனம் ஒட்டாததற்குக் காரணம், நீ இன்னும் ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதுதான். தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனைகளும் சாயங்காலக் காற்றும் விருந்தாளிக்குப் போதும். குடியிருக்க வந்தவளை ஊரில் யாராவது ஒரு வேலைக்காகத் தேடி வர வேண்டும்.

நம் பக்கத்துக் கோயில் திருவிழாவான கொடை எப்படி நடக்கிறது என்று யோசி. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவதில் தொடங்கி கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை, மஞ்சள் நீராட்டு வரை எத்தனை வேலை! மேளத்துக்கும் வில்லுக்கும் பந்தலுக்கும் சம்பளம் உண்டு. மற்றதில் பெரும்பகுதி ஊரார் கூலியில்லாமல் பார்ப்பது. சாமத்தில் நீ சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ பாடும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வரி கொடுத்தவர்கள், காலையில் விறகு சுமந்தவர்கள், சோறு வடித்தவர்கள். அவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கியவளுக்கு, கதையை எங்கே இழுக்கலாம், எங்கே சுருக்கிச் சாமியாடிகளின் அருளுக்கு வழிவிட வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். வில்லுப்பாட்டு கற்றுத்தரும் எந்த அண்ணாவியும் இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

2023 டிசம்பர் 17, 18 மழை உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. உள்ளே ஏறத்தாழ 800 பேர். ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் நாலாபுறமும் வெள்ளத்தோடு ரயில் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமம். அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டி, வீடுகளில் இருந்ததைக் கொண்டுவந்து ஆக்கிப்போட்டார்கள். மனிதாபிமானம் என்று பத்திரிகைகள் எழுதின, உண்மைதான். ஆனால் எனக்கு அதில் கொடை தெரிந்தது. நூற்றுக்கணக்கான பேருக்கு உலை வைப்பது நம் பக்கத்து ஊர்களுக்குப் பழகிய வேலை. அளவு தெரிந்த கை, அண்டா இருக்கும் இடம் தெரிந்த ஆள், யாரைக் கூப்பிட்டால் யார் ஓடி வருவார் என்ற கணக்கு, இதெல்லாம் வெள்ளத்தன்று புதிதாக முளைக்க முடியாது. வருஷா வருஷம் பழகியிருக்க வேண்டும்.

அதனால் புதிதாக அமைப்பு எதுவும் தொடங்காதே. ஏற்கெனவே நடக்கிற வேலையில் போய்ச் சேர். கொடைக் கமிட்டியில் கணக்கு எழுத ஆள் தேடுவார்கள், நோட்டை வாங்கிக்கொள். வரி நோட்டைக் கையில் வைத்திருப்பவளுக்கு எந்த வீட்டில் பணம் முடை, எந்த வீட்டில் நோயாளி, யார் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் அதோடு நின்றுவிடாதே. நம் ஊர்களில் கொடை சமுதாயத்துக்கு ஒன்று. தெருவுக்குத் தெரு வரி நோட்டு வேறு. சொந்தத் தெருவுக்குள் கிடைக்கிற ஆறுதல் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியும் வைக்கும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிற நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வாரத்தில் ஒரு மாலை கதை சொல். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

ஊர் உரிமை எடுத்துக்கொள்ளும், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘நம்ம ஊர்ப் பிள்ளைதானே’ என்று பாட்டுக்கான சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதே. உன்னோடு குடம் அடிப்பவருக்கும் உடுக்கை அடிப்பவருக்கும் அந்தப் பணத்தில்தான் அடுப்பெரிகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாவை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. சிறுவயதிலேயே வில்லடிக்க வந்து, கொடை கொடையாகப் பாடிப் புகழ்பெற்றவர். கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது, 2018-இல் மறைந்தார். அவர் பாட்டுக்காக விடிய விடிய விழித்திருந்த ஊர்கள் எத்தனை! ஊர் மறக்காது என்று நம்பிச் சும்மா இருக்கக் கூடாது.

சாத்தான்குளம் சுற்றுவட்டாரத்தில் பாடுவதை நிறுத்திவிட்ட மூத்த கலைஞர்கள் இருப்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர்கள் பெயர் பதிந்திருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேள். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் தரும் மாத உதவித்தொகைக்கு யார் யார் விண்ணப்பிக்கலாம் என்று விசாரித்து, விண்ணப்பத்தை நீயே நிரப்பிக் கொடு. பழைய கொடை நோட்டீஸில் அவர்கள் பெயர் இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டாவது கேட்டுப் பதிவு செய்துகொண்டு வா. மாசிக்குள் தொடங்கிவிடு, பங்குனி பிறந்துவிட்டால் உனக்குக் கொடைகளில் வில் கட்டவே நேரம் சரியாக இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா