அண்ணாச்சிக்கு மலர் போட வரும் இளையவர்களுக்கு

கோவில்பட்டியில் நம் மாதக் கூட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே வந்துகொண்டிருந்தவர் அண்ணாச்சி. பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி, ராத்திரியில் கதை எழுதியவர். அவருக்கு நினைவுக் கூட்டமும் சிறு மலரும் என்று முடிவாகிவிட்டது. உங்களில் பலர் அவரைக் கடைசிக் காலத்தில்தான் பார்த்தீர்கள். என்ன பேசுவது, எதை எழுதுவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. முதலில் அவரைப் படியுங்கள்.

மைக்கைப் பிடிப்பதற்கு முன் அவருடைய இரண்டு கதைகளையாவது முழுசாகப் படித்துவிடுங்கள். இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் போனவரின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியிருக்க மாட்டார்கள். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘பழகுவதற்கு இனியவர்’ என்றெல்லாம் யாருக்கும் சொல்லலாம். அண்ணாச்சிக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு வாக்கியம் கிடைக்கிற வரைக்கும் எழுத உட்கார வேண்டாம்.

2. ஒன்றைக் கிட்டத்தில் காட்டுங்கள்.

புதுசாக யாராவது கதை கொண்டுவந்தால் அண்ணாச்சி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எடுப்பார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் நிதானமாகப் படித்து வருவார். முடிவுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து சிவப்பு ரீபிள் பேனாவை எடுத்துக் கடைசிப் பத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு. “கதெ இங்கனயே முடிஞ்சுபோச்சு தம்பி. இதுக்கு மேல நீ பிரசங்கம் பண்ணுத.” இந்த ஒரு காட்சியை உள்ளபடி எழுதினால் அவருடைய இலக்கியக் கொள்கை என்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியிருக்காது. அடிபட்ட கதை உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கத்தையே மலரில் படமாகப் போடுங்கள்.

3. முரண்பட்டதையும் எழுதுங்கள்.

கூட்டத்தில் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் கட்டுரை வாங்குங்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1963 ஜனவரியில் மறைந்தபோது சுந்தர ராமசாமி ‘காற்றில் கலந்த பேரோசை’ எழுதினார். கட்சியிலிருந்து மனம் விலகியிருந்தவர் எழுதிய அஞ்சலி அது. இன்றைக்கும் அஞ்சலிக் கட்டுரைக்கு அதைத்தான் உதாரணம் காட்டுகிறோம். க.நா.சு., ஜி. நாகராஜன், கிருஷ்ணன் நம்பி பற்றியெல்லாம் அவர் சொல்லிவைத்த ‘நினைவோடை’ நூல்களையும் தேடிப் படியுங்கள். பிரியமும் விமர்சனமும் ஒரே பக்கத்தில் எப்படி இருக்க முடியும் என்பது தெரியும். அதற்காகக் குடும்ப விவகாரம், கடன் பாக்கியை எல்லாம் இழுக்க வேண்டாம். எழுத்தைப் புரிந்துகொள்ள உதவாத எதுவும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

4. பட்டியல் போடுங்கள்.

உங்களில் நிதானமான ஒருவர் இதை எடுத்துக்கொள்ளட்டும். கதையின் தலைப்பு, வந்த பத்திரிகை, மாதம், வருஷம், பக்கம், எந்தப் பெயரில் எழுதினார் என்று ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள். புனைபெயரை விட்டுவிட்டால் பாதி ஆள் தொலைந்துபோவார். கிருஷ்ணன் நம்பி குழந்தைகளுக்கான கவிதைகளை ‘சசிதேவன்’ என்ற பெயரில் எழுதினார். தெரியாதவர்கள் அது வேறு யாரோ என்றுதான் நினைப்பார்கள். புதுமைப்பித்தன் மறைந்தது 1948-ல். அவர் கதைகளை முதலில் வெளியான விவரம், பாடபேதம் எல்லாவற்றோடும் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் கொண்டுவந்தது 2000-ல். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே அந்த நிலை. அண்ணாச்சிக்கு இந்த வேலையைச் செய்ய வெளியூரிலிருந்து ஆராய்ச்சியாளர் யாரும் வரப்போவதில்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

5. காகிதத்தைக் காப்பாற்றுங்கள்.

மை சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கிப்போட்ட லேபிள் தாள்களின் பின்பக்கத்தில்தான் அண்ணாச்சி எழுதுவார். முன்பக்கம் மயிலும் கிளியும் வரிசை வரிசையாக இருக்கும். பின்னால் பொடியெழுத்தில் கதை. அந்தக் கட்டுகள் பழைய பேப்பர்காரர் கைக்குப் போவதற்குள் நாம் போய்விட வேண்டும். எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் எடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படமெடுக்கும்போது லேபிள் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். தேதி போடாத கதை எந்தக் காலத்தது என்று சொல்ல அந்த லேபிள் ஒரு தடயம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தவைதான், அவர் 1992-ல் மறைந்த பிறகு, சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ஒரு மனிதர் பத்திரப்படுத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அது போதும்.

6. மதினியிடம் எழுதி வாங்குங்கள்.

பதினாறாம் நாள் கழியட்டும். அதற்கு முன் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எழுத்தாளர் இறந்த மறு வருஷத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு அவர் எழுத்தின் உரிமை வாரிசுகளுடையது. அரசு நாட்டுடைமை ஆக்கினால் கதை வேறு. அவர் உங்களுக்குப் போட்ட கடிதமும் அப்படித்தான். தாள் உங்களுடையது; அதை அச்சிடும் உரிமை அவர் வீட்டாருடையது. எதை எடுத்துப் போனீர்கள், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மதினியிடம் கொடுங்கள். அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். கடிதங்களை அற்பமாக நினைக்காதீர்கள். பக்கத்து இடைசெவலில் கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால்தான் 1970-ல் போய்ச்சேர்ந்த கு. அழகிரிசாமியின் கடிதங்கள் புத்தகமாக நம் கைக்கு வந்தன.

7. அவர் பேச்சைத் திருத்தாதீர்கள்.

எழுத்துப்பிழையைத் திருத்தலாம். கரிசல்காட்டுப் பேச்சை அச்சுத் தமிழாக்கக் கூடாது. ஒரு சொல் புரியவில்லை என்றால் கி.ரா. 1982-ல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் அண்ணாச்சியோடு வேலை பார்த்த பெண்களிடம் போய்க் கேளுங்கள். பாதிக் கதைகள் அவர்கள் சொன்னவைதான்.

8. மலரில் உங்கள் கதைக்கும் இடம் வையுங்கள்.

1951-ல் நாகர்கோவிலில் புதுமைப்பித்தன் நினைவு மலரைக் கொண்டுவந்தபோது சுந்தர ராமசாமிக்கு இருபது வயசுதான். அவருடைய முதல் கதையான ‘முதலும் முடிவும்’ அதில்தான் அச்சானது. போனவரின் படத்தையும் கடைக்காரர் விளம்பரத்தையும் மட்டும் நிரப்பினால் மலர் பரணுக்குப் போய்விடும். அண்ணாச்சியின் அச்சேறாத கதை ஒன்று, மேலே சொன்ன பட்டியல், நல்ல கட்டுரை நாலைந்து, உங்களில் ஒருவரின் புதுக் கதை. இவ்வளவு போதும்.

9. மாதக் கூட்டத்தை நிறுத்தாதீர்கள்.

நினைவுக் கூட்டம் தனி. மாதக் கூட்டம் தனி. துக்கம் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அது மூன்று மாதமாகும், பிறகு கூட்டமே இருக்காது. அரங்கின் சாவி, வரவு செலவு நோட்டு, முகவரிப் புத்தகம் மூன்றும் அண்ணாச்சி பொறுப்பில் இருந்தன. இந்த வாரமே மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். மலருக்கான கட்டுரைகளைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொடுங்கள். மெய்ப்பு நான்தான் பார்க்கிறேன். பிரசங்கம் பண்ணினால் நானும் கோடு போடுவேன்.